நோயாளி தேறினார், சரி. தேற்றியது உங்கள் சிகிச்சைதானா? மறுவாழ்வு சிகிச்சையில் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

பிசியோதெரபி (எம்பிடி), ஆக்குபேஷனல் தெரபி (எம்ஓடி) முதுகலை மாணவர்களின் தீசிஸ்களை ஒரு கல்லூரி நூலகத்தில் வரிசையாக எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே கதைதான் இருக்கும். 30 நோயாளிகள், இரண்டு குரூப், நாலு வாரம் சிகிச்சை, முன்னால் அளந்தார்கள், பின்னால் அளந்தார்கள், இரண்டு குரூப்பிலும் முன்னேற்றம், புதுச் சிகிச்சை வாங்கிய குரூப்பில் கொஞ்சம் கூடுதல், ஆகவே இந்தச் சிகிச்சை பலன் தருகிறது. இப்படி எழுதிப் பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் நாளைக்கு ஓபியில் வந்து உட்காருகிற நோயாளிக்கு அந்தச் சிகிச்சையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டால் அந்த தீசிஸிடம் பதில் இருக்காது. ஒரு வருட உழைப்பு அப்படி வீணாவது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் துறையில் ஒரு பெரிய சிக்கல், நோயாளிகள் தானாகவும் தேறுவார்கள். பக்கவாதம் வந்தவருக்கு முதல் மூன்று மாதங்களில் மூளை தன் போக்கிலேயே நிறைய மீட்டுக்கொள்கிறது. திடீரென்று வந்த இடுப்பு வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். போதாக்குறைக்கு, வலி தாங்க முடியாத அன்றுதான் ஒருவர் ஆஸ்பத்திரிக்கே கிளம்பி வருகிறார். உச்சத்தில் இருக்கிற வலியை அன்றைக்கு அளந்துவிட்டு இரண்டு வாரம் கழித்து அளந்தால், நீங்கள் எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் எண் இறங்கித்தான் இருக்கும். ஆக, "முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

இதைப் புரிந்துகொள்ள அட்டெண்ட் என்ற ஆய்வைக் கட்டாயம் படியுங்கள். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில், 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்துச் செய்தது, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நம் ஊரில் பிசியோதெரபிஸ்ட்கள் குறைவு, ஆனால் நோயாளி கூடவே குடும்பத்தில் ஒருவர் இருப்பார், அவருக்கே பயிற்சி கொடுத்து வீட்டிலும் தொடரச் செய்தால் என்ன என்பது யோசனை. கேட்கும்போது யாருக்கும் சரி என்றுதான் தோன்றும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இறந்தவர்கள் அல்லது அடுத்தவர் உதவியில்லாமல் இருக்க முடியாதவர்கள் அந்தக் குரூப்பிலும் 47 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த குரூப்பிலும் 47 சதவீதம். கண்ட்ரோல் குரூப், அதாவது வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைக்கிற ஒப்பீட்டுக் குரூப், இல்லாமல் இதைச் செய்திருந்தால், பாதிக்கு மேற்பட்டவர்கள் தேறியதைப் பார்த்து நாடு முழுக்க இதையே ஒரு திட்டமாக்கியிருப்பார்கள். 2015இல் வந்த அவெர்ட் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய் அதிர்ச்சி கொடுத்தது. ஸ்ட்ரோக் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அதிக தடவை நடமாட விட்டால் நல்லது என்று நம்பி 2,104 பேரிடம் சோதித்தார்கள். நல்லபடியாகத் தேறியவர்கள் அந்தக் குரூப்பில் 46 சதவீதம், வழக்கமான குரூப்பில் 50 சதவீதம். நல்லது என்று நினைத்துச் செய்தது கெடுதலாகவும் முடியலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

கேள்வியை எங்கே தேடுவது

கைடு சொன்ன தலைப்பு, சீனியர் செய்ததில் ஒரு வார்த்தை மாற்றியது, இரண்டு டெக்னிக்கின் பெயரைப் போட்டு நடுவில் "ஒப்பீடு" என்று எழுதியது, இவற்றிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் ஓபியில் தினமும் உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். 1946இல் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்களில் ஆறாத புண்கள் வருவதையும் விரல்கள் தேய்ந்து போவதையும் பார்த்தார். நோயே சதையைத் தின்கிறது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அவரும் கூட இருந்தவர்களும் நோயாளிகள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள், எப்போது காயம் படுகிறது என்று உட்கார்ந்து கவனித்தார்கள். உணர்ச்சி போன கை சூட்டையும் அழுத்தத்தையும் அறியாமல் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறது, உணர்ச்சியற்ற பாதம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுந்திப் புண்ணாகிறது என்று தெரிய வந்தது. பிறகு செருப்பு வடிவமைப்பு, காயம் படாமல் வேலை செய்யும் பழக்கங்கள் எல்லாம் அதிலிருந்து பிறந்தன. இன்றைக்கு சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணுக்கு நாம் செய்வதில் பெரும்பகுதிக்கு அந்தக் கவனிப்புதான் வேர்.

உங்களுக்கும் அப்படிப்பட்ட கேள்விகள் கண்ணெதிரே இருக்கின்றன. முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வீட்டில் சொல்லிக் கொடுத்த பயிற்சியை ஏன் இரண்டாவது வாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021இலிருந்து பிசியோதெரபி வீட்டுக்கே போகிறது. அங்கே நோயாளிக்குக் கிடைக்கும் சிகிச்சை எப்படி இருக்கிறது, குடும்பத்தார் அதில் என்ன செய்கிறார்கள்? பேச்சு போன ஒரு பாட்டியிடம் வீட்டில் யார் பேசுகிறார்கள், எவ்வளவு நேரம்? இவற்றில் பலவற்றுக்கு இரண்டு குரூப் ஆய்வே தேவையில்லை. பேட்டி எடுத்தோ, கூட இருந்து கவனித்தோ செய்யும் ஆய்வும் முழு ஆய்வுதான், அதைத் தரக்குறைவாக நினைக்காதீர்கள். ஆனால் "இந்தச் சிகிச்சை வேலை செய்கிறதா" என்று கேட்டால் மட்டும் ஒப்பிட ஒரு குரூப் கட்டாயம் வேண்டும்.

கேள்வி கிடைத்ததும் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்: யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எதை அளந்து, எத்தனை நாள் கழித்து. இந்த ஐந்தில் ஒன்று மங்கலாக இருந்தாலும் கேள்வி இன்னும் தயாராகவில்லை.

அப்புறம் ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூகுளில் மட்டும் தேடி நிறுத்தாமல் பெட்ரோ தளத்துக்குப் போங்கள். சிட்னியிலிருந்து 1999முதல் நடத்துகிறார்கள், முழுக்க இலவசம், பிசியோதெரபி சோதனை ஆய்வுகளை (சிகிச்சையைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகளை) ஒவ்வொன்றாகத் தரம் பார்த்துப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண்ணும் போட்டிருப்பார்கள். அந்த மதிப்பெண்ணை எப்படிப் போடுகிறார்கள் என்று படிப்பது, ஒரு நல்ல ஆய்வுக்கு என்னென்ன வேண்டும் என்று கற்றுக்கொள்ள மிகச் சுலபமான வழி. ஸ்பீச் தெரபிக்காரர்களுக்கு இதே மாதிரி ஸ்பீச்பைட் என்ற தளம் இருக்கிறது.

எதை அளப்பது

முக்கியமான அளவு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். வலி, கோணம், தசை பலம், சமநிலை, வாழ்க்கைத் தரம் என்று எட்டை அளந்துவிட்டு எதில் வித்தியாசம் வந்ததோ அதைத் தலைப்பில் போடுவது நேர்மையில்லை. எட்டை அளந்தால் ஒன்றிலாவது தற்செயலாகவே வித்தியாசம் வந்துவிடலாம். ஒன்றை முதலிலேயே எழுதிவைத்துவிடுங்கள், மற்றவை துணைக்கு இருக்கட்டும்.

அந்த ஒன்று நோயாளிக்கு அக்கறை உள்ளதாக இருக்கட்டும். முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்பது நமக்கு முக்கியம். அவருக்கோ, வீட்டில் தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடிகிறதா, பஸ் படி ஏற முடிகிறதா என்பதுதான் கேள்வி. மேலை நாடுகளில் செய்த கேள்வித்தாள்களை எடுக்கும்போது இங்கேதான் இடிக்கும். முட்டித் தேய்மானத்துக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் வோமாக் கேள்வித்தாளில் குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவது, சாக்ஸ் போடுவது, காரில் ஏறி இறங்குவது எல்லாம் உண்டு. சம்மணம் போட்டு உட்காருவது கிடையாது. இடுப்பு வலிக்கான ஆஸ்வெஸ்ட்ரி கேள்வித்தாளில் பத்துப் பகுதிகள், அதில் ஒன்று தாம்பத்தியம் பற்றியது. நம்மவர்கள் பலர் அதை அப்படியே வெற்றாக விட்டுவிடுவார்கள். பதில் சொன்ன பகுதிகளை மட்டும் வைத்து மதிப்பெண் கணக்கிட அந்தக் கேள்வித்தாளிலேயே வழி இருக்கிறது, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழ் வடிவம் ஏற்கெனவே சோதித்து வந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால், தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே வாய்மொழியாகத் தமிழில் கேட்டுப் பதில் எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள், ஒவ்வொரு நோயாளியிடமும் கேள்வி ஒவ்வொரு மாதிரி மாறிவிடும். முறைப்படி செய்தால் இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும், அதை ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னும் இரண்டு பேர் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், பிறகு ஒரு குழு உட்கார்ந்து சரிபார்த்து 30, 40 நோயாளிகளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். இதுவே ஒரு முழு தீசிஸ். சொல்லப்போனால், நாலாவது தடவையாக அதே டேப்பிங்கை (தோலில் டேப் ஒட்டும் சிகிச்சையை) ஒப்பிடுவதைவிட, ஒரு நல்ல கேள்வித்தாளைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் அது உதவும்.

இன்னொன்றையும் பார்த்துவையுங்கள்: அந்த அளவில் எவ்வளவு மாறினால் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும்? நாள்பட்ட வலியை 0 முதல் 10 வரை எண்ணாகக் கேட்டால் ஏறக்குறைய 2 புள்ளி, அல்லது 30 சதவீதம் குறைய வேண்டும் என்பார்கள். நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர்களுக்கு ஆறு நிமிட நடைச் சோதனையில் சுமார் 30 மீட்டர். இது தெரியாமல் ஆய்வு செய்தால், அரைப் புள்ளி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு வெற்றி என்று எழுதிவிடுவோம்.

எத்தனை பேர்

குரூப்புக்கு 15 பேர் என்பது யார் ஆரம்பித்த வழக்கமோ, நிற்கவே மாட்டேன் என்கிறது. நடுத்தர அளவு வித்தியாசம் ஒன்றை, அதாவது திட்ட விலக்கத்தில் (நோயாளிக்கு நோயாளி எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) பாதியை, 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க வேண்டுமானால் குரூப்புக்கு 64 பேர் தேவை. 15 பேர் மட்டும் இருந்தால் நிஜமாகவே இருக்கிற அந்த வித்தியாசம் உங்கள் கண்ணில் படும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். பெரிய வித்தியாசத்தை எதிர்பார்த்தால் 26 பேரே போதும், ஆனால் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடும்போது அவ்வளவு பெரிய வித்தியாசம் நம் துறையில் அபூர்வம். ஜிபவர் என்ற இலவச மென்பொருளில் இந்தக் கணக்கைப் பத்து நிமிடத்தில் போடலாம். பாதியில் நின்றுவிடுகிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒருவர் போய்விடுவார் என்று வைத்தால் 64 என்பது 80 ஆகிவிடும்.

ஒரு வருடத்தில் அத்தனை பேர் கிடைக்க மாட்டார்கள் என்றால்? இரண்டு மூன்று மாணவர்கள் சேர்ந்து, வேறு வேறு ஆஸ்பத்திரிகளில், ஒரே திட்டத்தோடு செய்யலாம். அல்லது இது முன்னோட்ட ஆய்வு என்று நேராகச் சொல்லிவிட்டு, எத்தனை பேர் சேரச் சம்மதித்தார்கள், எத்தனை பேர் கடைசி வரை வந்தார்கள், பயிற்சியைச் செய்ய முடிந்ததா என்பதை முடிவாகக் கொடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, பெரிய ஆய்வு செய்யப் போகிறவருக்கு அந்தத் தகவல்தான் முதலில் தேவைப்படும்.

குலுக்கல்

யார் எந்தக் குரூப் என்பதைத் தற்செயல் மட்டுமே முடிவு செய்ய வேண்டும், அதுதான் குலுக்கல். ஓபி நம்பர் ஒற்றைப்படை என்றால் இந்தக் குரூப், இரட்டைப்படை என்றால் அந்தக் குரூப். திங்கள் வந்தவர் இது, செவ்வாய் வந்தவர் அது. இதெல்லாம் குலுக்கல் ஆகாது. அடுத்து வருகிறவர் எந்தக் குரூப் என்று உங்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டால், ரொம்ப முடியாத ஒருவர் வரும்போது "இவர் நாளைக்கு வரட்டுமே" என்று மனசு சொல்லும், தெரியாமலேயே நல்லா இருக்கிறவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் கம்ப்யூட்டரில் வரிசையை உருவாக்கட்டும். உள்ளே இருப்பது வெளியே தெரியாத கெட்டிக் கவர்களில் போட்டு ஒட்டி, வெளியே வரிசை எண் போட்டு அவரே வைத்துக்கொள்ளட்டும். நோயாளி கையெழுத்துப் போட்டு, முதல் அளவெல்லாம் எடுத்து முடித்த பிறகு, கவரின் மேல் அவர் பெயரை எழுதிவிட்டு அப்புறம் பிரிக்க வேண்டும். உள்ளே ஒரு கார்பன் தாள் வைத்தால் வெளியே எழுதிய பெயர் உள்ளே இருக்கும் சீட்டிலும் பதிந்துவிடும், பின்னால் யாரும் மாற்ற முடியாது. செலவு ஒரு கட்டுக் கவர், அவ்வளவுதான்.

பிசியோதெரபியில் என்ன சிகிச்சை என்பதை நோயாளியிடமிருந்து மறைப்பது பெரும்பாலும் முடியாது, கொடுக்கிறவரிடமிருந்து மறைக்கவே முடியாது. ஆனால் அளக்கிறவரிடமிருந்து மறைக்கலாம். சிகிச்சை கொடுக்கும் நீங்களே கடைசியில் அளக்காதீர்கள், கூடப் படிக்கிற ஒருவரைக் கேளுங்கள், வேறு அறையில் அளக்கட்டும். நோயாளியிடமும் சொல்லிவையுங்கள்: "உள்ளே இருக்கிறவர்கிட்ட உங்களுக்கு என்ன ட்ரீட்மெண்ட் கொடுத்தோம்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா." சொல்லாவிட்டால் உள்ளே போன முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

அனுமதியும் சம்மதமும்

எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) ஒப்புதல் வாங்காமல் ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்கக் கூடாது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளைப் பதிவிறக்கிப் படித்துவிடுங்கள். சோதனை ஆய்வு என்றால் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்திலும் பதிய வேண்டும். 2007இல் தொடங்கிய இந்தப் பதிவகத்தில் கட்டணம் கிடையாது, ஆனால் 2018 ஏப்ரலிலிருந்து முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னால் பதிந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், நாள் பிடிக்கும், அதனால் கமிட்டி ஒப்புதல் கைக்கு வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள்.

சம்மதம் என்பதைப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதாக நினைத்துவிட வேண்டாம். கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒரு பெரியவர், "மாட்டேன்" என்று சொன்னால் சிகிச்சையே கிடைக்காதோ என்று பயந்து தலையாட்டுவார். தினமும் அவருக்கு சிகிச்சை கொடுக்கும் நீங்கள் கேட்பதைவிட வேறொருவர் கேட்பது நல்லது. சேராவிட்டாலும் வழக்கமான சிகிச்சை அப்படியே தொடரும், பாதியில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், எந்தக் குரூப் என்பது குலுக்கலில்தான் வரும் என்று பேச்சுத் தமிழில் சொல்லி, அவர் வாயால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி கூட இருக்கும்போது கைநாட்டு வாங்க வேண்டும்.

வந்தவர்களைத் தக்கவைப்பது

ஆய்வுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான், புத்தகங்களோ இதை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. நோயாளி வராமல் போவதற்கு அலட்சியம் காரணமில்லை. கூட்டிக்கொண்டு வர மகன் ஒரு நாள் கூலியை விட வேண்டும். ஆட்டோவுக்குக் காசு வேண்டும். ஆடி மாதம் ஊரில் கொடை, பொங்கலுக்குப் பத்து நாள் ஊர்ப்பக்கம், நடுவில் அறுவடை. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு கடைசி அளவு நாள் திருவிழாவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துச் செலவைக் கொடுக்க முடியுமென்றால் அதையும் எதிக்ஸ் கமிட்டி விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள். நோயாளியின் எண்ணோடு, வீட்டில் இன்னொருவர் எண்ணையும் அனுமதியோடு வாங்கிவையுங்கள், போன் மாறிக்கொண்டே இருக்கும். வர முடியாதவருக்கு வீட்டுக்குப் போய் அளக்க முடிகிற சோதனையாகத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்: எழுந்து நடந்து திரும்பும் சோதனைக்கு ஒரு நாற்காலியும் மூன்று மீட்டர் இடமும் போதும், ஆறு நிமிட நடைக்கோ 30 மீட்டர் தாழ்வாரம் வேண்டும்.

வராமல் போனவர்களைக் கணக்கிலிருந்து தூக்கிவிடாதீர்கள். கடினமான பயிற்சி கொடுத்த குரூப்பில் முடியாதவர்கள் எல்லாம் நின்றுவிட, முடிந்தவர்களை மட்டும் அளந்தால் அந்தப் பயிற்சி அற்புதமாகத்தான் தெரியும். குலுக்கலில் எந்தக் குரூப்பில் விழுந்தாரோ கடைசி வரை அந்தக் குரூப்பில்தான் அவரைக் கணக்கிட வேண்டும்.

கணக்கு

தீசிஸ்களில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான், தயவுசெய்து மெதுவாகப் படியுங்கள். உதாரணத்துக்கு, பெர்க் சமநிலை அளவில் (மொத்தம் 56 புள்ளி) முதல் குரூப் 40இலிருந்து 46க்குப் போகிறது, பி மதிப்பு 0.03. (நிஜத்தில் மாற்றமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு மாற்றம் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு, 0.05க்குக் கீழே இருந்தால் வித்தியாசம் உண்டு என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.) இரண்டாவது குரூப் 40இலிருந்து 45க்குப் போகிறது, பி மதிப்பு 0.06. உடனே "முதல் சிகிச்சை பலன் தந்தது, இரண்டாவது தரவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி! ஒவ்வொரு குரூப்பும் தன் பழைய நிலையோடு ஒப்பிட்டு எவ்வளவு மாறியது என்பது கேள்வியே இல்லை, இரண்டு குரூப்பும் கடைசியில் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதுதான் கேள்வி. குரூப்புக்குள் முன்னாலும் பின்னாலும் எடுத்த அளவுகளை ஒப்பிடும் ஜோடி டி டெஸ்ட் இரண்டை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆரம்ப அளவையும் கணக்கில் சேர்க்கும் ஆன்கோவா முறையில் இரண்டு குரூப்பையும் நேரடியாக ஒப்பிடுங்கள். ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவச மென்பொருள்கள், இரண்டிலும் இதைச் செய்யலாம். முடிவை பி மதிப்பாக மட்டும் கொடுக்காமல், வித்தியாசம் எத்தனை புள்ளி, 95 சதவீத நம்பக எல்லை (உண்மையான வித்தியாசம் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) எங்கிருந்து எங்கே என்று கொடுங்கள். அப்போதுதான் அந்த ஒரு புள்ளி நோயாளிக்குத் தெரிகிற அளவா என்று படிப்பவர் முடிவு செய்ய முடியும்.

எந்தக் கணக்கு போடப் போகிறீர்கள் என்பதை டேட்டா வருவதற்கு முன்னாலேயே எழுதிவைத்து, புள்ளியியல் தெரிந்தவரிடம் அப்போதே காட்டிவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு எக்செல் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போனால் அவரால் பெரிதாக எதையும் சரிசெய்ய முடியாது.

எழுதுவது

"வழக்கமான பிசியோதெரபி கொடுக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் படிக்கிறவர் அதை வைத்து என்ன செய்வார்? என்ன பயிற்சி, எத்தனை தடவை, எவ்வளவு எடை, எத்தனை நிமிடம், யார் கொடுத்தார், எப்போது கூட்டினீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். இதற்காகவே டைடியர் என்ற 12 அம்சப் பட்டியல் 2014இலிருந்து இருக்கிறது. குலுக்கல் ஆய்வு முழுவதையும் எப்படி எழுதுவது என்பதற்கு கன்சார்ட் என்ற பட்டியல் இருக்கிறது.

வித்தியாசம் எதுவும் வரவில்லை என்றாலும் அனுப்புங்கள். அட்டெண்ட் குழு "பலன் இல்லை" என்றுதான் எழுதினார்கள், லான்செட் போட்டது. ஆனால் இரண்டு நாளில் ஏற்றுக்கொள்கிறோம், பணம் மட்டும் கட்டுங்கள் என்று மெயில் அனுப்பும் இதழ்கள் பக்கம் போகாதீர்கள். கட்டணமில்லாமல் வெளியிடும் நல்ல இதழ்களும் உண்டு, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களின் டிஓஏஜே பட்டியலில் தேடினால் கட்டண விவரத்தோடு கிடைக்கும்.

முடிவு வந்ததும், சேர்ந்த அத்தனை நோயாளிகளுக்கும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், படிக்க முடியாதவருக்கு போனில் சொல்லுங்கள். புதுச் சிகிச்சை நிஜமாகவே நன்றாக இருந்தது என்றால் கண்ட்ரோல் குரூப்பில் இருந்தவர்களைத் திரும்ப அழைத்து அதைக் கொடுங்கள். இதற்கான நாட்களையும் முதலில் போடும் திட்டத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும், தீசிஸ் சமர்ப்பித்த பிறகு யாருக்கும் நேரம் இருக்காது.